மரம் தறித்த சரிவின் கீழே ஓடையும் மீனும்: அளந்து பார்க்கும் முறை

இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது 1990இல் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று மலையகத்தில் வாள் விழுவது பெரும்பாலும் நட்டு வளர்த்த மரங்களில்தான்: பத்தனைப் புல்வெளிகளில் நட்ட பைனஸ், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கென்று தோட்டங்கள் வைத்திருக்கும் டர்பன்டைன் (யூகலிப்டஸ்), தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரெவிலியா). இவை நிற்கும் மலைமடிப்புகளில்தான் ஓடைகள் பிறக்கின்றன. அந்தத் தண்ணீர் முதலில் லயத்துப் பீலிக்கும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தண்ணீர்க் குழாய்க்கும்), பிறகு காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது.

தறிப்பால் ஓடை கெட்டதா என்று பார்க்கப் போகிறவர்கள் வெட்டிய அடிமரங்களைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அடிமரம் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். டர்பன்டைன் என்றால் சில மாதங்களில் துளிர்க்கவும் தொடங்கிவிடும். ஓடைக்கு வரும் மண்ணின் பெரும்பங்கு லொறிக்காக வெட்டிய பாதை, கட்டை இழுத்த தடம், ஓடையைக் கடக்கும் இடம் ஆகிய மூன்றிலிருந்தும் வருகிறது. அளவீட்டுத் திட்டம் முழுவதையும் இந்த மூன்றைச் சுற்றியே போடுங்கள்.

தறிப்புக்கு முன் ஒரு வருடம்

வாள் ஏறிய பிறகு தொடங்கினால் எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும். குறைந்தது ஒரு முழு வருடமாவது முன்கூட்டி அளந்திருக்க வேண்டும். எந்தப் பகுதி எப்போது தறிக்கப்படும் என்பது தோட்ட நிர்வாகத்துக்கும், அரசாங்கத் தோப்பு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அரச மரக் கூட்டுத்தாபனத்துக்கும் முன்பே தெரியும். முதல் வேலை அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குவது.

அதோடு தறிப்பே நடக்காத ஒப்பீட்டு ஓடை ஒன்றாவது வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது. உயரம், சரிவு, அகலம், மழை பெய்யும் பக்கம் எல்லாம் தறிப்பு ஓடையோடு ஏறத்தாழ ஒத்திருக்கட்டும். அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் போதும். அந்த மழையில் மலையகத்தின் பல ஓடைகளில் மண்சரிவு மண் இறங்கியது. முன்னும் பின்னும் ஒரே ஓடையை மட்டும் அளந்தவர், புயல் கொண்டுவந்த மண்ணையும் தறிப்பின் கணக்கில் எழுதிவிடுவார்.

ஒப்பீட்டு ஓடையைத் தேர்ந்தெடுக்கும்போது மேற்பகுதி முழுவதையும் கால்நடையாகப் பார்த்துவிடுங்கள். செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிவது மரக்கறித் தோட்டமாக இருக்கலாம். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளிலிருந்து வரும் மண்ணும் உரமும் தறிப்பின் விளைவை முழுக்க மூடிவிடும். சிறு நீர்மின் நிலையத்தின் தடுப்பு மேலே இருந்தால் கீழே தண்ணீர் குறைவது மரத்தால் அல்ல. லயத்துக் கழிவு நீர்க் கான் எங்கே விழுகிறது, களைகொல்லி எப்போது அடிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம், தண்ணீர் வற்றியிருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஓடைப் படுகையையும் மீனையும் அந்த வற்றிய மாதங்களில், ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அளக்க வேண்டும். மண் கலங்கலை மட்டும் மழைக்காலத்தில் பிடிக்க வேண்டும்.

அனுமதியும் ஆபத்தும்

மீன் பிடித்து அளக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். ஒதுக்குக் காட்டுக்குள் போவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் சேர்த்து. நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை வனம், ஹோட்டன் சமவெளி மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே விதி இன்னும் இறுக்கம். தோட்டத்து ஓடை என்றால் துரையிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதோடு அந்த மலையின் கங்காணியிடமும் சொல்லிவையுங்கள். கருவிகள் காணாமல் போவதும் போகாமல் இருப்பதும் அவரைப் பொறுத்தது.

மழை நாளில் தனியாகப் போகவேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து இன்னும் தொடர்ந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னறிவிப்பு விடத் தொடங்கும். அன்று ஓடைக்கு இறங்காதீர்கள். குளவிக்கூடு இருக்கும் மரங்களைத் தோட்டத்தாரிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். காலில் புண்ணோடு தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதால், நாள்முழுக்க நிற்கப் போகிறவர்கள் முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அட்டைக்கு உப்பும் நீளக் காலுறையும் போதும்.

அளக்கும் துண்டு

ஓடையின் அகலத்தைப்போல் 30 மடங்கு நீளத்தை ஒரு துண்டாக எடுங்கள். 3 மீற்றர் அகலம் என்றால் ஏறக்குறைய 90 மீற்றர், வசதிக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தறிப்பு ஓடையிலும் இரண்டு துண்டுகள்: ஒன்று தறிப்புக்கும் பாதைக்கும் மேலே, மற்றது கடைசிக் கடவைக்குக் கீழே 100 முதல் 200 மீற்றருக்குள். துண்டின் இரு முனைகளிலும் கரையிலுள்ள பெரிய பாறையில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். மரத்தில் வைத்தால் அந்த மரமே போய்விடக்கூடும்.

நிழலும் வெப்பமும்

கரையோர மரம் போனால் முதலில் மாறுவது தண்ணீரின் பகல் வெப்பம். வெப்பப் பதிகருவிகளை 30 நிமிடத்துக்கு ஒரு தடவை பதியும்படி வைத்து, ஓடையில் போடும் முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து அரை மணித்தியாலம் அமிழ்த்திப் பாருங்கள். 0 பாகைக்கு அரைப் பாகைக்கு மேல் விலகுவதை ஒதுக்குங்கள். அடுத்து 2 அங்குல வெள்ளை பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, பக்கத்தில் துளை போட்டு, கருவியை உள்ளே கட்டுங்கள். வெயில் நேரே கருவியில் பட்டால் அது தண்ணீரின் வெப்பத்தை அல்ல, தன் வெப்பத்தையே பதியும். ஓடும் தண்ணீரில், வற்றும் காலத்திலும் மூழ்கியிருக்கும் ஆழத்தில், பாறை இடுக்கில் அடித்த கம்பியில் கட்டுங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு வேண்டும், ஏனென்றால் வெள்ளத்தில் ஒன்று போகும்.

சராசரி வெப்பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாளின் உச்ச வெப்பத்தையும், ஏழு நாள் உச்சங்களின் சராசரியையும் பாருங்கள். சராசரி அரைப் பாகை உயர்ந்திருக்கும்போதே பகல் உச்சம் பல பாகை ஏறியிருக்கக்கூடும்.

நிழலை அளக்கக் குழிவான கண்ணாடிக் கருவி இருந்தால் நடு ஓடையில் நின்று நான்கு திசையிலும் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் கைத்தொலைபேசியை ஓடையின் நடுவே தண்ணீருக்கு ஒரு மீற்றர் மேலே மட்டமாகப் பிடித்து மேல்நோக்கிப் படம் எடுங்கள், துண்டு ஒன்றுக்குப் பத்து இடத்தில். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கறுப்பின் வீதத்தை எடுத்தால் போதும். வெயில் உச்சியில் இருக்கும்போது எடுத்தால் இலைகள் வெளிறி நிழல் குறைவாகத் தெரியும். மேகமூட்ட நாளே பொருத்தம்.

மண் வரும் நேரத்தைப் பிடித்தல்

பலரும் தவறுவது இங்கேதான். வெயில் நாளில் போத்தலில் தண்ணீர் எடுத்து, தெளிவாக இருக்கிறது, பாதிப்பில்லை என்று எழுதுவார்கள். ஓடை ஒரு வருடத்தில் சுமக்கும் மண்ணின் பெரும்பகுதி சில மழைநாட்களில், அதுவும் தண்ணீர் ஏறும் முதல் மணித்தியாலங்களில் போய்விடுகிறது. அந்த நேரம் பெரும்பாலும் இரவாகவோ பின்னேர இடிமழையாகவோ இருக்கும். நாம் அங்கே நிற்கமாட்டோம்.

ஆகவே தண்ணீர் ஏறும்போது தானாக நிரம்பும் போத்தலைச் செய்து வையுங்கள். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல், இறுக்கமான ரப்பர் அடைப்பு, 6 மில்லிமீற்றர் செப்புக் குழாய் இரண்டு துண்டு. அடைப்பில் இரண்டு துளை போட்டு இரு குழாய்களையும் செருகுங்கள். முதலாவது நீர் புகும் குழாய்: போத்தலுக்கு மேலே எழும்பி, தலைகீழ் ‘ப’ போல வளைந்து, வாய் ஓடையின் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். இரண்டாவது காற்று வெளியேறும் குழாய்: அதன் வாய் முதல் குழாயின் வளைவைவிட ஒரு சாண் உயரமாக, கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். தண்ணீர் வளைவின் உச்சியைத் தாண்டிய கணத்தில் நீர் உள்ளே இறங்கும், காற்று மற்றக் குழாயால் போகும். போத்தல் நிரம்பியதும் ஓட்டம் தானாக நிற்கும். இரண்டு குழாய்களையும் ஒரே உயரத்தில் வைத்தால், பிறகு வரும் தண்ணீர் ஒரு குழாயால் புகுந்து மறு குழாயால் போய்க்கொண்டே இருக்கும். மண் மட்டும் போத்தலில் தங்கித் தங்கிக் கணக்கு பொய்யாகும்.

இப்படி மூன்று போத்தல்களை, சாதாரண நீர்மட்டத்துக்கு மேல் 15, 30, 45 சென்ரிமீற்றர் உயரங்களில், பாறைக்குப் பின்னால் அடித்த இரும்புக் கம்பியில் கட்டுங்கள். ஒரு தொகுதி கடவைக்கு 10 மீற்றர் மேலே, ஒரு தொகுதி 30 மீற்றர் கீழே. இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசம்தான் அந்தக் கடவை சேர்த்த மண். மழை முடிந்து மறுநாளே போத்தலை மாற்றிவிடுங்கள். கிடந்தால் பாசி பிடிக்கும், அடுத்த மழையும் கலந்துவிடும். நீர் வடியும்போது வரும் மண்ணை இந்தப் போத்தல் பிடிக்காது. வருட மொத்தத்தைக் கணக்கிட இதை மட்டும் நம்பக்கூடாது.

ஆய்வுகூடத்தில், முன்பே நிறை பார்த்த கண்ணாடி நார் வடிதாளில் 250 மில்லிலீற்றரை வடித்து, 105 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்தி, மறுபடி நிறுங்கள். தாள் 0.0870 கிராம், வடித்து உலர்த்திய பின் 0.1320 கிராம் என்றால் மண் 45 மில்லிகிராம், லீற்றருக்கு 180 மில்லிகிராம். போத்தலை நன்றாகக் குலுக்கி உடனே ஊற்ற வேண்டும். மணல் ஒரு நொடியில் அடியில் படிந்துவிடும், ஊற்றுகிறவர் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிடுவார்.

மழைப் பதிவைத் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். நாள்தோறும் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அது நாள் மொத்தம். 60 மில்லிமீற்றர் ஒரு மணித்தியாலத்தில் கொட்டுவதும் நாள்முழுக்கத் தூறுவதும் பாதை மண்ணுக்கு ஒன்றல்ல. நேரம் பதியும் மழைமானி ஒன்று கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

மழையின்போது குடையோடு பாதையில் ஒரு தடவை நடந்து பார்ப்பதும் ஓர் அளவீடுதான். பாதையின் பக்கக் கானில் ஓடும் சேறு எங்கே திரும்புகிறது? காட்டுத் தரையில் பரவி வடிகிறதா, நேரே ஓடைக்குள் விழுகிறதா? நேரே விழும் ஒவ்வோர் இடத்தையும் ஜி.பி.எஸ். புள்ளியாக எடுத்து, அதற்கு மேலுள்ள பாதையின் நீளத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குப் பயன்படும் ஒரே பக்கம் பெரும்பாலும் இதுதான்: எந்தக் கானை எங்கே திருப்ப வேண்டும் என்று அதில் தெரியும்.

எவ்வளவு தண்ணீர்

மலை ஓடையில் பாறையும் நுரையும் இருப்பதால் மிதவை விட்டு வேகம் பார்ப்பது சரிவராது. உப்பு முறை நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் மலையகத் தண்ணீரின் மின் கடத்துதிறன் இயல்பாகவே குறைவு. 200 கிராம் உப்பை ஒரு வாளி ஓடைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஓடை அகலத்தின் 25 மடங்குக்குக் கீழே நின்று மானியை 5 செக்கனுக்கு ஒரு தடவை, பழைய அளவுக்குத் திரும்பும் வரை வாசியுங்கள். சராசரியாக 20 மைக்ரோசீமென்ஸ் உயர்வு 200 செக்கன் நீடித்தால் பெருக்கம் 4000. ஒரு மைக்ரோசீமென்ஸ் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் உப்பு, ஆக 2000. போட்ட 2,00,000 மில்லிகிராமை அதால் வகுத்தால் செக்கனுக்கு 100 லீற்றர். அந்த அரை என்ற எண்ணை உங்கள் ஓடைத் தண்ணீரிலேயே உப்பை அளந்து போட்டுச் சரிபாருங்கள்.

தறித்தவுடன் ஓடை வற்றும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டர்பன்டைன் தண்ணீர் நிறைய உறிஞ்சும் மரம். அதை வெட்டிய முதல் காலத்தில் வற்றுகாலத் தண்ணீர் கூடுவதே வழக்கம், துளிர்கள் வளர வளர மறுபடி குறையும். ஒரு வருடக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படுகை, மடு, கட்டை

மண் எங்கே தங்கியது என்பதற்குக் கல் எண்ணிக்கை. கரையிலிருந்து கரைக்குக் கோணல்மாணலாக நடந்து, ஒவ்வோர் அடிக்கும் பார்வையை விலக்கிக் கால்விரல் நுனியில் முதலில் படும் கல்லை எடுத்து, நடுத்தர அச்சை அளக்க வேண்டும். நீளமும் அல்ல, தடிப்பும் அல்ல. 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தது எல்லாம் மணல் என்றே எழுதுங்கள். கண்ணால் பார்த்துக் குனிந்தால் கை தானாகப் பெரிய கல்லுக்குப் போகும், மணல் வீதம் குறைந்துவிடும். நூறு கல் எடுத்து மணல் 20 வீதம் வந்தால் உண்மை 12க்கும் 28க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 400 எடுத்தால் அந்த இடைவெளி 16 முதல் 24 வரை சுருங்கும். ஆகவே துண்டுக்கு 400.

மடுவை அளக்க அதன் மிக ஆழமான புள்ளியையும், தண்ணீர் வழிந்து வெளியேறும் விளிம்பின் ஆழத்தையும் எடுத்துக் கழியுங்கள். 62 சென்ரிமீற்றர், விளிம்பு 14 என்றால் 48. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் மாறாது. மடு மண்ணால் தூர்ந்தால் மட்டும் குறையும்.

விழுந்து கிடக்கும் கட்டைகளில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டமும் ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் உள்ளவற்றை எண்ணுங்கள். மலையகத்தில் இதற்கொரு சிக்கல் உண்டு: ஓடைக் கட்டை விறகாகிவிடும். குறைவாக இருப்பதைத் தறிப்பின் மேல் போடும் முன் லயத்தில் கேட்டுப் பாருங்கள். மாறாக, தறித்த கிளையும் இலையும் மடுவில் குவிந்திருந்தால் அதிகாலையில் கரைந்த ஒட்சிசனை அளக்க வேண்டும். டர்பன்டைன் இலை ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்துக்குப் போய், ஒட்சிசன் இறங்கும்.

மீன்

கல்லில் வாயால் ஒட்டிப் பாசி மேயும் காரா, கூழாங்கல் இடுக்கில் வாழும் அயிரை இன ஷிஸ்டுரா ஆகிய இரண்டும் கவனிக்கத்தக்கவை. மணல் இடுக்குகளை அடைத்தால் அயிரைக்கு இடமில்லை. கல்லின் மேல் சேறு படிந்தால் காராவுக்கு மேய்ச்சல் இல்லை. நக்கிள்ஸ் பக்கம் சிஸ்டோமஸ் மார்டென்ஸ்டைனி போன்ற வேறெங்கும் இல்லாத இனங்கள் வரலாம். கையில் வைத்திருக்கும் நேரத்தை இன்னும் குறையுங்கள்.

துண்டின் மேலும் கீழும் 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையைக் கட்டி, அடிக்கயிற்றைக் கல் வைத்து அழுத்துங்கள். அதே ஆட்கள், அதே வலை, அதே நேரம் என்று இரண்டு சுற்று கீழிருந்து மேலே பிடியுங்கள். முதல் சுற்றில் 42, இரண்டாவதில் 14 என்றால்: 42ஐ 42ஆல் பெருக்கி, 42க்கும் 14க்கும் உள்ள வித்தியாசமான 28ஆல் வகுக்க 63. இரண்டாம் சுற்று முதல் சுற்றுக்குக் கிட்ட வந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மூன்றாவது சுற்று போகவேண்டும், அல்லது கீழ் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் சுற்றில் பிடித்ததை நிழலில் உள்ள வாளியில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, வால் துடுப்பைச் சேர்க்காத நீளத்தை அளந்து, வலைக்கு வெளியே கீழ்ப்பக்கம் விடுங்கள்.

மொத்த எண்ணிக்கை கூடினால் மகிழ வேண்டாம். வெயில் விழுந்து சூடான ஓடையில் கப்பியும் திலாப்பியாவும் பெருகும். உயரத்தில் நீங்கள் காணும் டிரவுட்கூட வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டதுதான். ஊர் மீன், வந்த மீன் என்று தனித்தனியாக எழுதுங்கள். மீனே இல்லாத மேல் ஓடைகளில் இறால், நண்டு, கல்லடிப் பூச்சிகள்தான் சாட்சி. 30 சென்ரிமீற்றர் சதுரச் சட்ட வலையை ஓடும் தண்ணீரில் வைத்து, முன்னாலுள்ள கற்களைக் கழுவி, துண்டுக்கு ஆறு இடத்தில் எடுங்கள்.

கணக்கு

தறிப்பு ஓடையில் மணல் 14 வீதத்திலிருந்து 31 ஆனது, 17 கூடியது. ஒப்பீட்டு ஓடையில் 12லிருந்து 19 ஆனது, 7 கூடியது. தறிப்பின் பங்கு 17 அல்ல, 10. வெப்பம், மடு ஆழம், மீன் எல்லாவற்றுக்கும் இதே கழித்தல்தான். ஒப்பீட்டு ஓடை இரண்டு இருந்து அவை ஒன்றோடொன்று 8 வீதம் விலகி நின்றால், அந்த 10ஐ அழுத்திச் சொல்ல முடியாது. இன்னொரு வற்றுகாலம் அளக்க வேண்டியிருக்கும். கொப்பியில் பென்சிலால் எழுதி, அன்றிரவே கணினியில் ஏற்றி, அந்தப் பக்கங்களைப் படமெடுத்தும் வையுங்கள். பேனா மை முதல் மழையிலேயே கரைந்துவிடும்.